குதிரை வண்டியில் வந்த வாக்குவம் கிளீனர்

வாக்குவம் கிளீனர் என்றதும் நம் மனதில் வருவது ஒரு சின்ன இயந்திரம். பிளக் பாயிண்டில் செருகினால் ஓடும், வேலை முடிந்ததும் அலமாரிக்குள் போய்விடும். ஆனால் மின்சாரமும் இன்ஜினும் வைத்து வாக்குவம் கிளீனர் தொழில் தொடங்கியபோது அந்த இயந்திரம் எந்த வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. குதிரை பூட்டிய வண்டியில் வந்து தெருவில் நின்றது. குழாய்கள் மட்டும் ஜன்னல் வழியே உள்ளே போயின!

இன்று அமெரிக்காவில் கார்ப்பெட் சுத்தம் செய்யும் கம்பெனிகள் வேனுக்குள் இன்ஜின், பம்ப், தண்ணீர் டேங்க் எல்லாவற்றையும் பொருத்திக்கொண்டு வீடு வீடாகப் போகின்றன. இதற்கு 'டிரக்மவுண்ட்' என்று பெயர். இது புதிய கண்டுபிடிப்பு போலத் தெரியும். உண்மையில் 1901ல் லண்டனில் ஒரு இன்ஜினியர் செய்த அதே காரியம்தான். நடுவில் சுமார் 60 வருடங்கள் அந்த யோசனை பின்னுக்குப் போய், பிறகு திரும்பி வந்தது. ஏன் போனது, ஏன் வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் தூசு எங்கே போனது?

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வசதியான வீடுகளில் கார்ப்பெட் விரிப்பது வழக்கம். குளிர் நாடுகள், அதனால் தரையை மூடி வைத்தார்கள். ஆனால் நம் ஊர் ஜமக்காளம் போல நினைத்தபோது எடுத்து உதறிப் போட முடியாது. அறை முழுக்க விரித்து, மேலே கட்டில், மேஜை, பீரோ எல்லாம் ஏற்றியிருப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை வசந்த காலத்தில் எல்லாவற்றையும் நகர்த்தி, கார்ப்பெட்டைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே கொடியில் போட்டுத் தடியால் அடிப்பார்கள். மற்ற நாட்களில் துடைப்பம்தான். தூசு பறக்காமல் இருக்க ஈரமான தேயிலைத் தூளைத் தூவிவிட்டுப் பெருக்கும் பழக்கம் இங்கிலாந்தில் இருந்தது.

1876ல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் பீங்கான் கடை வைத்திருந்த மெல்வில் பிஸ்ஸல், சுழலும் பிரஷ் வைத்த பெருக்கும் கருவிக்குப் பேட்டன்ட் வாங்கினார். பீங்கான் பெட்டிகளில் வரும் மரத்தூள் கார்ப்பெட்டில் ஒட்டிக்கொண்டு போக மறுத்ததுதான் அவருக்குப் பிரச்சினை. அது மேலே கிடக்கும் குப்பையை எடுத்தது. நூலுக்கு அடியில் இறங்கிய மண்ணை எடுக்கவில்லை.

1899ல் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த ஜான் தர்மன் வேறு வழியில் போனார். அழுத்தப்பட்ட காற்றைக் கார்ப்பெட்டுக்குள் ஊதி, கிளம்பும் தூசை ஒரு பெட்டியில் பிடிக்கும் இயந்திரத்துக்குப் பேட்டன்ட் பெற்றார். இதை வண்டியில் ஏற்றி வீட்டு வாசலுக்கே கொண்டுபோனார். ஒரு தடவைக்கு 4 டாலர் கட்டணம் என்று சொல்லப்படுகிறது. ஆக, வண்டியில் வரும் கார்ப்பெட் சேவை என்ற யோசனையில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் ஊதினால் என்ன ஆகும்? கொஞ்சம் தூசு பெட்டிக்குள் போகும், மீதி அறை முழுக்கப் பறந்து மறுபடி கார்ப்பெட்டிலேயே வந்து உட்காரும். தூசு இடம் மாறியது, வீட்டை விட்டுப் போகவில்லை.

ஒரு கைக்குட்டைப் பரிசோதனை

ஹியூபர்ட் செசில் பூத் 1871ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் பிறந்தவர். லண்டனில் இன்ஜினியரிங் படித்தவர். கப்பல் இன்ஜின்கள், பாலங்கள், பெரிய ராட்டினங்கள் இவைதான் அவர் வேலை. வியன்னாவில் 1897ல் கட்டப்பட்டு இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் பிரம்மாண்ட ராட்டினத்தின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. வீட்டுச் சாமான்களுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

1901ல் லண்டன் எம்பயர் மியூசிக் ஹாலில் ஒரு அமெரிக்கர் தன் சுத்தம் செய்யும் இயந்திரத்தைக் காட்டினார். அதுவும் ஊதும் வகைதான். நிகழ்ச்சி முடிந்ததும் பூத் அவரிடம் போய், 'ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன?' என்று கேட்டார். அது நடக்காத காரியம், பலமுறை முயன்றாகிவிட்டது என்று அந்த அமெரிக்கர் கோபமாகப் பதில் சொன்னாராம்.

பூத் விடவில்லை. சில நாட்கள் கழித்து விக்டோரியா தெருவில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்திருந்தபோது, பஞ்சு வைத்த நாற்காலியின் சாய்மானத்தில் வாயை வைத்து பலமாக உறிஞ்சினார். தூசு தொண்டைக்குள் போய் மூச்சுத் திணறிவிட்டது! சுற்றி இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. ஆனால் நடுவில் கைக்குட்டையை வைத்து உறிஞ்சியபோது துணியின் அடிப்பக்கம் தூசு அப்பியிருந்தது. அவருக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது. காற்றை இழுக்க ஒரு பம்ப், நடுவில் தூசைத் தடுக்க ஒரு துணி. வாக்குவம் கிளீனர் அவ்வளவுதான். 1901 ஆகஸ்டில் பேட்டன்டுக்கு விண்ணப்பித்தார்.

இதற்கு முன்பே அமெரிக்காவில் கையால் இயக்கும் உறிஞ்சு கருவிகளுக்குச் சிலர் பேட்டன்ட் வாங்கியிருந்தார்கள். ஆனால் கையால் சுற்றியோ அமுக்கியோ கிடைக்கும் இழுப்பு கார்ப்பெட்டின் அடி மண்ணை அசைக்காது. பூத் செய்த வேறுபாடு, இன்ஜினைக் கொண்டுவந்தது.

சிவப்பு வண்டி

இங்கேதான் சிக்கல். இன்ஜின் வேண்டும் என்றால் எங்கே வைப்பது? 1901ல் பெரும்பாலான வீடுகளில் மின்சாரமே இல்லை. சுமார் 5 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் இன்ஜினையும் பெரிய பிஸ்டன் பம்பையும் வரவேற்பறையில் வைக்க முடியாது. சத்தம், புகை, எடை எல்லாம் சேர்ந்த சமாச்சாரம் அது.

பூத் கண்ட வழி எளிமையானது. இயந்திரத்தை விற்கவில்லை, சேவையை விற்றார். 1902ல் கம்பெனி தொடங்கி, இயந்திரத்தைக் குதிரை வண்டியில் ஏற்றி, வண்டிக்கு நல்ல சிவப்பு வர்ணம் அடித்தார். சீருடை போட்ட ஆட்கள் வந்து நீளமான குழாய்களை ஜன்னல் வழியே உள்ளே இழுத்துப் போனார்கள். சில குழாய்களில் கண்ணாடித் துண்டு பொருத்தியிருந்தார்கள். உள்ளே ஓடும் அழுக்கை எல்லோரும் பார்க்கலாம்! பணக்காரப் பெண்கள் தோழிகளை டீக்கு அழைத்து, கார்ப்பெட்டிலிருந்து தூசு போவதை வேடிக்கை காட்டினார்கள். வாடிக்கையாளரின் கண்ணெதிரே அழுக்கைக் காட்டுவதைவிட நல்ல விளம்பரம் எது?

கட்டணம் குறைவில்லை. ஒரு வீட்டுக்கு 13 பவுண்டு வரை வாங்கினார்கள் என்றும், அது ஒரு இளம் வேலைக்காரப் பெண்ணின் வருடச் சம்பளத்துக்குச் சமம் என்றும் சொல்வார்கள். இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வருடம் முழுக்கத் தேயிலைத் தூள் தூவி, முட்டி போட்டுப் பெருக்கி, அந்தத் தூசைச் சுவாசித்த பெண்ணுக்குக் கிடைத்த தொகை, ஒரு இயந்திரத்தின் ஒரு வருகைக்குப் போனது. மனித உழைப்பு அவ்வளவு மலிவாக இருந்த நாட்டில் இந்த இயந்திரம் எப்படிப் பிழைத்தது? துடைப்பத்தால் முடியாத ஒன்றைச் செய்ததால்தான். அது அழுக்கை வீட்டை விட்டே வெளியே கொண்டுபோனது.

தெருவில் சண்டை, அரண்மனையில் மரியாதை

வீட்டுக்குள் இருந்த தொல்லை தெருவுக்கு வந்தது. இன்ஜின் சத்தத்தில் வாடகை வண்டிக் குதிரைகள் மிரண்டன. வண்டிக்காரர்கள் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். பொதுத் தெருவில் இயந்திரத்தை நிறுத்தி வேலை செய்ய உரிமை இல்லை என்று போலீசும் தடுத்தது. கடைசியில் நீதிமன்றம் பூத்தின் பக்கம் நின்றதால் தொழில் தப்பியது.

1902 ஆகஸ்டில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அரியணைக்குக் கீழே விரித்த கார்ப்பெட்டில் அழுக்கு சேர்ந்துவிட்டது, விழாவுக்கு முன் எடுத்து அடிக்க நேரமில்லை. பூத்தின் வண்டி வரவழைக்கப்பட்டது. அரசர் கேள்விப்பட்டு, பக்கிங்காம் அரண்மனையில் செய்து காட்டச் சொன்னார். பிறகு பக்கிங்காமுக்கும் விண்ட்சர் கோட்டைக்கும் இயந்திரங்கள் வாங்கப்பட்டன. காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம்!

இதைவிட முக்கியமான வேலை முதல் உலகப் போரின்போது வந்தது. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கட்டிடத்தில் கடற்படை வீரர்களைத் தங்க வைத்திருந்தார்கள். அங்கே காய்ச்சல் பரவியது. தூசுதான் காரணம் என்று சந்தேகித்து பூத்தின் 15 இயந்திரங்களைக் கொண்டுவந்து தரை, சுவர், உத்தரம் எல்லாம் உறிஞ்சினார்கள். 26 டன் தூசு வெளியே போனதாகச் சொல்லப்படுகிறது. அத்தனை தூசு நடுவேதான் அந்த வீரர்கள் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள்.

ஒரு துப்புரவுத் தொழிலாளி மாற்றிய கணக்கு

பூத்தின் வண்டிக்கு எதிரி லண்டனில் இல்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊரில் இருந்தார். பெயர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்க்லர். ஒரு கடையில் துப்புரவுத் தொழிலாளி. ஆஸ்துமா நோயாளி. கார்ப்பெட் பெருக்கும்போது கிளம்பும் தூசு அவரைக் கொன்றுகொண்டிருந்தது. மின்விசிறி மோட்டார், சோப்புப் பெட்டி, துடைப்பக் கட்டை, தூசு பிடிக்க ஒரு தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கருவி செய்தார். 1908 ஜூனில் பேட்டன்ட் கிடைத்தது.

அவரிடம் தொழில் நடத்தப் பணமில்லை. பேட்டன்டை வாங்கியவர் வில்லியம் ஹூவர். அவருடைய தொழில் என்ன தெரியுமா? குதிரைகளுக்கான தோல் சாமான்கள் செய்வது! மோட்டார் கார் வந்துவிட்டதால் அந்தத் தொழில் இனி ஓடாது என்று அவர் வேறு வழி தேடிக்கொண்டிருந்தார்.

ஹூவரின் விற்பனை முறையை வணிகவியல் படிக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1908 டிசம்பரில் ஒரு பெரிய வாரப் பத்திரிகையில் '10 நாள் வீட்டில் இலவசமாகப் பயன்படுத்திப் பாருங்கள்' என்று விளம்பரம் கொடுத்தார். கடிதம் போட்டவருக்கு நேராக அனுப்பவில்லை. அவர்கள் ஊரில் உள்ள ஒரு கடைக்காரர் மூலம் கொடுத்தார். விற்றால் கடைக்காரருக்குக் கமிஷன். இப்படி ஒரே விளம்பரத்தில் வாடிக்கையாளரும் கிடைத்தார், ஊர் ஊராக டீலரும் கிடைத்தார்.

1920களில் வீடுகளுக்கு மின்சாரம் வேகமாகப் பரவியது. வீட்டிலேயே பிளக் பாயிண்ட் இருக்கும்போது தெருவில் எதற்கு வண்டி? பூத்தின் கம்பெனியும் பின்னாளில் 'கோப்ளின்' என்ற பெயரில் வீட்டுக்கான சின்ன இயந்திரங்களை விற்றது, தொழிற்சாலைகளுக்குப் பெரிய இயந்திரங்களும் செய்தது. ஆனால் பூத்தின் சொந்த நாட்டில் கூட, வாக்குவம் போடுவதற்கு மக்கள் சொல்லும் வார்த்தை 'ஹூவர் பண்ணுவது' என்று ஆகிவிட்டது. பூத் 1955ல் காலமானார்.

வேன் திரும்பி வந்தது

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். கார்ப்பெட் மாறியதால் முடியவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டால்டன் நகரில், துணியில் ஊசியால் நூலைக் குத்தி இறக்கும் இயந்திர முறையில் கார்ப்பெட் தயாரிக்கத் தொடங்கினார்கள். நெய்வதைவிட மிக வேகம். கம்பளிக்குப் பதில் நைலான் வந்தது. விலை சரிந்தது. நடுத்தர வர்க்க வீடுகளிலும் சுவருக்குச் சுவர் கார்ப்பெட் ஒட்டினார்கள். இதைக் கழற்றி எடுத்துப்போய் அடிக்கவும் முடியாது, லாண்டரிக்கு அனுப்பவும் முடியாது. வீட்டு வாக்குவம் கிளீனர் உலர்ந்த தூசை எடுக்கும். எண்ணெய்ப் பிசுக்கு, கொட்டிய காபி, நாய்க்குட்டியின் வேலை இவற்றை எடுக்காது.

முதலில் சுழலும் பிரஷ்ஷும் ஷாம்புவும் வைத்துத் தேய்த்தார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஷாம்புவின் மிச்சம் நூலிலேயே தங்கி, அந்தப் பிசுபிசுப்பில் புது அழுக்கு வேகமாக ஒட்டிக்கொள்ளும். அழுக்கை வெளியே எடுக்காத முறை எதுவும் நிலைக்காது என்று தர்மனின் இயந்திரம் சொன்ன பாடம்தான் இதுவும்.

1970களின் தொடக்கத்தில் புதிய முறை பரவியது. சூடான தண்ணீரை அழுத்தத்தோடு கார்ப்பெட்டுக்குள் பீய்ச்சி, அதே நொடியில் அழுக்கோடு சேர்த்து உறிஞ்சி எடுப்பது. மக்கள் இதை நீராவிச் சுத்தம் என்பார்கள். உண்மையில் நீராவி இல்லை, வெந்நீர்தான். இத்தனை வேலைக்கு வீட்டு மின்சாரம் போதவில்லை. அமெரிக்க வீட்டின் சாதாரண பிளக் பாயிண்ட் 120 வோல்ட், 15 ஆம்பியர். பெருக்கினால் 1800 வாட், ஏறத்தாழ 2.4 குதிரைத்திறன். உறிஞ்சவும், தண்ணீரைத் தள்ளவும், சூடாக்கவும் இதற்குள் முடிக்க வேண்டும் என்றால் எப்படி? 20 குதிரைத்திறனுக்கு மேல் தரும் இன்ஜினை வேனில் வைத்து வாசலில் நிறுத்தினால் பிரச்சினை தீர்ந்தது. வீட்டுக்குள் இல்லாத சக்தி தெருவில் இருந்து வரட்டும் என்ற பூத்தின் கணக்கு இதேதான். தொழிலுக்கு முறையான பயிற்சியும் சான்றிதழும் கொடுக்க ஒரு அமைப்பும் 1972ல் தொடங்கப்பட்டது.

உறிஞ்சும் வேலையைச் செய்யும் புளோயருக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் ஒரு கம்பளி ஆலை நடத்தினார்கள். ஆலையை ஓட்டும் நீர்ச் சக்கரத்தை மேம்படுத்தப் போய், ஒன்றையொன்று தொடாமல் சுழலும் இரண்டு உருளைகள் காற்றைப் பலமாகத் தள்ளுவதைக் கண்டுபிடித்து 1860ல் பேட்டன்ட் வாங்கினார்கள். கம்பளி ஆலையில் பிறந்த அந்த அமைப்புதான் இன்று டிரக்மவுண்ட் வேன்களில் கார்ப்பெட்டைச் சுத்தம் செய்கிறது!

எந்த இயந்திரத்தை எடுப்பது?

இந்தத் தொழிலில் இறங்கும் ஒருவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, இன்ஜின் ஒன்றா இரண்டா என்பது.

ஒரு வகையில் வேனின் சொந்த இன்ஜினே புளோயரையும் பம்பையும் ஓட்டும். இடம் மிச்சம், சத்தம் குறைவு. ஆனால் வேன் பழுதாகி ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் தொழிலும் கூடவே போய்ப் படுத்துக்கொள்ளும். வேன் பழையதானால் இயந்திரத்தை வேறு வேனுக்கு மாற்றுவது பெரிய வேலை.

இன்னொரு வகையில் தனி பெட்ரோல் இன்ஜினோடு ஒரே சட்டத்தில் எல்லாம் பொருத்தி வரும். அப்படியே வேனுக்குள் தள்ளி இறுக்கினால் போதும். இடத்தை அடைக்கும், சத்தம் போடும். ஆனால் வேன் மாறினாலும் இயந்திரம் கூட வரும். பூத்தின் வண்டியும் இந்த வகைதான். இழுப்பது குதிரை, உறிஞ்சுவது இன்ஜின். குதிரைக்கு உடம்பு சரியில்லை என்றால் வேறு குதிரை பூட்டலாம்!

அடுத்தது உறிஞ்சும் பலம். இதைப் பாதரச அங்குலத்தில் அளக்கிறார்கள். கடல் மட்டத்தில் காற்றின் முழு அழுத்தமே சுமார் 30 அங்குலம்தான். டிரக்மவுண்ட்களில் 12 முதல் 15 அங்குலம் வரை வைத்து, அதற்கு மேல் போனால் திறக்கும் வால்வு பொருத்துவார்கள். அங்குலம் மட்டும் போதாது, நிமிடத்துக்கு எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதும் வேண்டும். காற்று ஓட்டம்தான் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகிறது. குழாய் நீள நீள இந்த ஓட்டம் குறையும். அதனால் நீளமான பகுதிக்கு 2 அங்குலக் குழாயும், கையில் பிடிக்கும் கடைசிப் பகுதிக்கு மட்டும் ஒன்றரை அங்குலக் குழாயும் போடுவார்கள். இழுப்பு குறைந்தால் கார்ப்பெட்டில் தண்ணீர் தங்கும், காய நாளாகும், வாடை வரும், வாடிக்கையாளர் அடுத்த முறை கூப்பிட மாட்டார்.

மூன்றாவது சூடு. சில இயந்திரங்கள் இன்ஜினின் குளிர்விக்கும் நீரிலும் புகைக் குழாயிலும் வீணாகும் வெப்பத்தைப் பிடித்துத் தண்ணீரைச் சூடாக்கும். எரிபொருள் மிச்சம். சிலவற்றில் தனியாக எரிவாயு அடுப்பு இருக்கும். சீக்கிரம் சூடாகும், ஆனால் வேனுக்குள் நெருப்பு எரிகிறது என்பதை மறக்கக் கூடாது. சூடு அதிகம் என்றால் நல்லது என்றும் இல்லை. நைலான் தாங்கும் வெந்நீரைக் கம்பளி தாங்காது, சுருங்கும்.

20 மாடிக் கட்டிடத்தின் மேல்தளத்துக்கு வேனிலிருந்து குழாய் போகாது. அங்கே இன்றும் சக்கரம் வைத்த சின்ன இயந்திரம்தான் வேண்டும். எந்த ஊரில், எப்படிப்பட்ட வீடுகளுக்கு வேலை செய்யப் போகிறோம் என்று பார்க்காமல் பெரிய இயந்திரம் வாங்குபவர், பயன்படாத குதிரைத்திறனுக்கு வட்டி கட்டுவார். இந்தத் தொழிலில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடன் தவணை, காப்பீடு, தேய்மானம் ஓடிக்கொண்டே இருக்கும். நிலையான செலவு என்று பாடப்புத்தகத்தில் படிப்பது இதைத்தான்.

வேனுக்குள் பொருத்தும்போது

பொருத்துவதில் முதல் எதிரி எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 100 அமெரிக்க காலன் டேங்க் நிறைந்தால் ஏறத்தாழ 380 கிலோ. அதோடு இயந்திரம், குழாய்ச் சுருள்கள், ரசாயனங்கள், ஆட்கள். வேனின் தாங்கும் எடை எவ்வளவு என்று கம்பெனி கொடுத்த தகட்டில் பார்த்துவிட்டுத்தான் டேங்க் அளவை முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் டேங்க் பின் அச்சுக்கு மேலோ சற்று முன்னாலோ இருப்பது நல்லது. பின் கதவை ஒட்டி வைத்தால் வேனின் முன்பக்கம் லேசாகி, ஸ்டியரிங் பிடி குறையும். பாதி நிறைந்த டேங்கில் தண்ணீர் அலையடிக்கும் என்பதால் உள்ளே தடுப்புத் தகடுகள் வேண்டும்.

இரண்டாவது, இறுக்குவது. வேன் தரை மெல்லிய தகடு. வெறுமனே திருகு போட்டால் பிய்த்துக்கொண்டு வரும். அடியில் கனமான இரும்புத் தகடு கொடுத்து, போல்ட் அதன் வழியே போய் இறுக வேண்டும். டிரைவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் வலுவான தடுப்பும் வேண்டும். திடீரென பிரேக் பிடித்தால் வேன் நிற்கும், சரியாகக் கட்டாத இயந்திரம் நிற்காது.

மூன்றாவது, புகை. பெட்ரோல் இன்ஜின் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. புகைக் குழாய் வேனுக்கு வெளியே முழுவதுமாகப் போக வேண்டும். ஓடும்போது வேன் கதவுகள் திறந்திருக்க வேண்டும். வீட்டின் ஜன்னல், வாசல் பக்கம் புகை போகாதபடி நிறுத்த வேண்டும். மூடிய கராஜுக்குள் நிறுத்தி ஓட்டவே கூடாது. லண்டனில் குதிரைகள் மிரண்டபோது வழக்கு வந்தது. இந்த வாயு சத்தமில்லாமல் ஆளைக் கொல்லும்.

கடைசியாக ஒரு சின்னப் பழக்கம். அழுக்கு டேங்க் நிறைந்ததும் இயந்திரத்தை நிறுத்தும் மிதவை வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் புளோயருக்குள் போகும். வேலை முடிந்ததும் சில நிமிடம் உலர்வாக ஓட்டி, புளோயருக்குள் எண்ணெய் தெளிக்க வேண்டும். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டவர்கள் துருப் பிடித்து இறுகிய புளோயரோடு காலையில் நிற்பார்கள்.

அழுக்கு கடைசியில் எங்கே?

வீட்டிலிருந்து வெளியே வந்த அழுக்கு இப்போது வேனின் டேங்கில் இருக்கிறது. கறுப்பான, சோப்புக் கலந்த தண்ணீர். தெருவோர மழைநீர் வடிகாலில் திறந்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனால் அந்த வடிகால் பெரும்பாலும் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராக ஆற்றுக்குப் போகிறது. அமெரிக்காவில் 1972ல் வந்த நீர்த் தூய்மைச் சட்டமும், மழைநீர் வடிகால்களையும் அதற்குள் கொண்டுவந்த 1987 திருத்தமும் இதற்குத் தடை போட்டன. உள்ளூர் அனுமதியோடு, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் கழிவுநீர்க் குழாயில்தான் விட வேண்டும். இயந்திரம் வாங்கும்போதே, தினமும் அழுக்குத் தண்ணீரை எங்கே இறக்கப் போகிறோம் என்பதையும் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

120 வருடக் கதையைத் திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு இயந்திரமும் அதே கேள்வியில்தான் வந்து நிற்கிறது. துடைப்பம் அழுக்கை வேலைக்காரப் பெண்ணின் நுரையீரலுக்கு அனுப்பியது. தர்மன் அறைக்குள் பறக்கவிட்டார். பூத் தெருவுக்குக் கொண்டுவந்தார், சத்தத்தைக் குதிரைகள் தாங்கின. ஷாம்பு நூலுக்குள்ளேயே விட்டது. டிரக்மவுண்ட் டேங்கில் நிரப்பி, ஓட்டுநரின் மனசாட்சியிடம் ஒப்படைத்திருக்கிறது. மாலையில் களைத்துப்போய்த் திரும்பும் அந்த ஓட்டுநர், பக்கத்தில் இருக்கும் மழைநீர் வடிகாலில் திறக்கிறாரா, பத்து கிலோமீட்டர் ஓட்டிப் போய்ச் சரியான இடத்தில் திறக்கிறாரா என்பதில்தான் 'சுத்தம்' என்ற வார்த்தைக்கு அர்த்தம் இருக்கிறது.

பத்து கிலோமீட்டருக்கு ஆகும் பெட்ரோலையும் நேரத்தையும் கட்டணத்திலேயே சேர்த்துக் கணக்குப் போடும் கம்பெனிதான் நேர்மையாகவும் நடக்க முடியும், நீண்ட நாள் நிலைக்கவும் முடியும். விலை நிர்ணயம் படிக்கும்போது இந்தச் சிவப்புக் குதிரை வண்டியையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.